விகிதம் கண்ட பிறகு என்ன? கணக்குப்பதிவியல் பாடம் குறித்து ஒரு திறந்த மடல்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் இயக்குநர் அவர்களுக்கு,

ஒரு நிறுவனத்தை மதிப்பிடுவது என்றால், அது இனி வரும் ஆண்டுகளில் உரிமையாளர்களுக்கு எவ்வளவு பணம் ஈட்டித் தரும் என்பதை அதன் கணக்குகளிலிருந்து கணித்து, அந்தப் பணத்துக்கு இன்றைக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று முடிவு செய்வது. இதற்கு வேண்டிய கருவிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலில் ஏற்கெனவே இருக்கின்றன. நான்காம் பாடம் கூட்டாண்மையில் நற்பெயரை மதிப்பிடச் சொல்லித் தருகிறது. ஏழாம் பாடம் நிறுமக் கணக்குகள், எட்டாம் பாடம் நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வு, ஒன்பதாம் பாடம் விகிதப் பகுப்பாய்வு. நான்கும் தனித்தனியாக நிற்கின்றன. அவற்றைக் கோத்து ஒரு நிறுவனத்தின் விலைக்கு வந்து சேரும் கடைசிப் படி பாடநூலில் இல்லை.

நற்பெயர் பாடத்தில் வரும் மூலதனமாக்கல் முறையைப் பார்க்கலாம். ஒரு கூட்டாண்மை நிறுவனத்தின் சராசரி லாபம் 60,000 ரூபாய், அந்தத் தொழிலில் இயல்பாகக் கிடைக்கும் வருவாய் வீதம் 10 சதவீதம் என்றால், நிறுவனத்தின் மொத்த மதிப்பு 6,00,000 ரூபாய். அதன் நிகரச் சொத்து 4,50,000 ரூபாய் என்றால், மீதி 1,50,000 ரூபாய்தான் நற்பெயர். சங்கரன்கோவிலில் காமர்ஸ் குரூப் எடுத்துப் படிக்கும் மாணவர் இந்தக் கணக்கைத் தயங்காமல் போட்டுவிடுவார். தான் செய்தது ஒரு நிறுவனத்தின் மதிப்பீடு என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. புதிய கூட்டாளி சேரும்போது எழுத வேண்டிய குறிப்பேட்டுப் பதிவுக்கான முன்வேலையாகவே அதைச் செய்து முடிக்கிறார். ஐந்து பாடங்கள் தள்ளி விகிதங்கள் வரும்போது அந்த முறை மறந்துபோயிருக்கும். நடப்பு விகிதம் 2.5:1 என்று கண்டு அடிக்கோடு போட்டதும் கணக்கு முடிந்துவிடுகிறது. அந்த 2.5 நல்லதா, எந்தத் தொழிலுக்கு நல்லது, அந்த நிறுவனத்தை என்ன விலைக்கு வாங்கலாம் என்ற கேள்விகள் எழுவதே இல்லை.

கேள்வி எழாததற்கு ஒரு காரணம், கணக்குகளில் வரும் எண்கள் விடை சரியாக வருவதற்கென்றே அமைக்கப்பட்டவை. அவற்றுக்குப் பின்னால் ஒரு தொழில் கிடையாது. தொழில் தெரிந்தால் அதே விகிதம் வேறு பொருள் தரும். சங்கரன்கோவிலிலேயே இதற்குச் சான்று உண்டு. பூச்சந்தையில் மல்லியும் பிச்சியும் வந்த அன்றே விற்றாக வேண்டும். அங்கே சரக்கிருப்பு என்று நாளைக்கு எடுத்து வைக்க ஒன்றும் இல்லை. சில தெருக்கள் தள்ளி விசைத்தறியில் நெய்த சேலைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்பு வாரக்கணக்கில் அடுக்கி வைக்கப்படும். பண்டிகைக்கு முந்தைய கையிருப்பு தொழில் நடப்பதற்கு அடையாளம். பண்டிகை கழிந்தும் அதே அளவு இருந்தால், போன வருடத்து டிசைன் விற்காமல் தேங்கிவிட்டது என்று அர்த்தம். இருப்புநிலைக் குறிப்பு மார்ச் 31 என்ற ஒரே நாளின் நிலையைத்தான் காட்டுகிறது. அந்த நாள் அந்தத் தொழிலின் எந்தப் பருவத்தில் விழுகிறது என்று கேட்காமல் சரக்கிருப்புச் சுழற்சி விகிதத்தைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. நடப்பு விகிதத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 2:1 என்ற அளவுகோலும் அப்படித்தான். வாடிக்கையாளரிடம் கையோடு ரொக்கம் வாங்கிவிட்டு, சரக்குக் கொடுத்தவருக்குப் பிறகு பணம் தருகிற தொழிலில் நடப்பு விகிதம் ஒன்றுக்குக் கீழே இருந்தாலும் அது பலவீனம் ஆகாது.

உண்மையான அறிக்கைகள் கிடைப்பது அரிது என்ற நிலை இன்று இல்லை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆண்டறிக்கையை இணையதளத்தில் வைக்க வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. மற்ற நிறுமங்கள் 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டப்படி பதிவாளரிடம் கணக்குகளைத் தாக்கல் செய்கின்றன. 100 ரூபாய் கட்டினால் யாரும் அவற்றைப் பார்க்கலாம். தென் மாவட்ட மாணவருக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. அவர் கண்ணால் கண்ட, பேருந்தில் கடந்து போகிற நிறுவனங்களே பட்டியலிடப்பட்டவை. சங்கரன்கோவிலிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ராஜபாளையம். 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்று தொடங்கி 2013இல் பெயர் மாறிய ராம்கோ சிமெண்ட்ஸின் பதிவு அலுவலகம் அங்கேதான். தூத்துக்குடியில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்து சங்கர் நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை. இந்த மூன்றை மட்டும் வைத்தே ஓர் ஆண்டுப் பாடம் நடத்தலாம்.

ராம்கோவின் இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்தால் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். 2021-22இல் அதன் வருவாய் சுமார் 5,980 கோடி ரூபாய், நிகர லாபம் சுமார் 893 கோடி. 2022-23இல் வருவாய் சுமார் 8,135 கோடியாக உயர்ந்தது. நிகர லாபமோ சுமார் 344 கோடிக்கு இறங்கியது. விற்பனை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது, லாபம் பாதிக்கும் கீழே போயிருக்கிறது. எட்டாம் பாடத்தின் ஒப்பீட்டு அறிக்கை இந்த முரணைக் காட்டும். ஏன் என்று அது சொல்லாது. காரணத்தைத் தேடி மாணவர் அறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளுக்குள் போக வேண்டும். அங்கே மூன்று விஷயங்கள் கிடைக்கும். முதலாவது, உக்ரைன் போருக்குப் பிறகு நிலக்கரியும் பெட்கோக்கும் விலையேறின. சிமெண்ட் சூளைக்கு அவைதான் எரிபொருள். இரண்டாவது, முந்தைய ஆண்டின் லாபத்தில் வரி தொடர்பான ஒருமுறைச் சரிக்கட்டல் கலந்திருந்தது. 893 கோடியைத் தொழில் ஈட்டியது என்று எடுத்துக்கொண்டு நற்பெயர் பாடத்தின் சராசரி லாபத்தில் சேர்த்தால் விடை ஏறுக்குமாறாகிவிடும்.

மூன்றாவதில்தான் பாடம் அதிகம். ஆந்திரத்தின் கொலிமிகுண்ட்லாவில் ராம்கோவின் புதிய ஆலை 2022இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலை கட்டப்படும் காலத்தில் அதற்கென வாங்கிய கடனின் வட்டி லாப நட்டக் கணக்குக்குப் போகாது. ஆலையின் அடக்கவிலையோடு சேர்ந்துவிடும். ஆலை ஓடத் தொடங்கிய நாளிலிருந்து வட்டியும் தேய்மானமும் சேர்ந்து லாபத்திலிருந்து கழியும். அந்த ஓராண்டில் ராம்கோவின் வட்டிச் செலவு இரண்டு மடங்குக்கு மேலானதற்கு இது ஒரு காரணம். வெறும் லாப எண்ணைப் பார்ப்பவருக்கு நிறுவனம் சரிவதாகத் தோன்றும். குறிப்புகளைப் படித்தவருக்கு, புதிய ஆலையின் செலவு முழுதாக வந்துவிட்டது, அதன் விற்பனை இன்னும் முழுதாக வரவில்லை என்பது விளங்கும். இரண்டில் எது சரியான வாசிப்பு என்பதற்கு அடுத்தடுத்த ஆண்டறிக்கைகள்தான் விடை தர முடியும். அந்தத் தேடலே மதிப்பீட்டின் நடுநாயகமான வேலை.

வங்கிக்கு இதே வாசிப்பு பொருந்தாது. தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 1921இல் நாடார் வங்கியாகத் தோன்றி 1962இல் இப்போதைய பெயரைப் பெற்றது. நூறாண்டு கடந்து 2022 செப்டம்பரில்தான் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது. விலை 510 ரூபாய். வெளியீட்டுக்குப் பின் மொத்தப் பங்குகள் சுமார் 15.83 கோடி. ஆக, வங்கி முழுவதற்கும் வைக்கப்பட்ட விலை சுமார் 8,080 கோடி ரூபாய். அதற்கு முன் மார்ச்சில் முடிந்த ஆண்டின் நிகர லாபம் சுமார் 822 கோடி; அதாவது விலை ஓராண்டு லாபத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. புதிதாகத் திரட்டிய தொகையையும் சேர்த்தால் சொந்த மூலதனம் சுமார் 6,100 கோடி. விலை அதைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்கு. பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே தெரிந்த மாணவரும் இதுவரை வந்துவிடலாம். அடுத்து அவர் கேட்க வேண்டியது: கொடுத்த கடன்கள் திரும்பி வருமா? அந்த மார்ச்சில் வங்கியிடம் இருந்த வைப்புத்தொகை சுமார் 45,000 கோடி. கொடுத்திருந்த கடன் 33,000 கோடிக்கு மேல். அதில் பத்தில் ஒரு பங்கு வராமல் போயிருந்தால், அப்போதைய சொந்த மூலதனத்தில் பாதிக்கு மேல் கரைந்திருக்கும். வாராக்கடன் விகிதத்தைப் பார்த்த பிறகே 1.3 மடங்கு மலிவா, நியாயமா என்று பேச முடியும். நடப்பு விகிதம், விரைவு விகிதம் இரண்டுக்கும் இங்கே வேலையே இல்லை.

இந்தியா சிமெண்ட்ஸ் இன்னொரு வகை. 2024இல் அல்ட்ராடெக் சிமெண்ட் நிறுவனம் அதன் உரிமையாளர் குழுவிடமிருந்து பங்கொன்று 390 ரூபாய் வீதம் வாங்க ஒப்பந்தம் செய்து, டிசம்பரில் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தது. அந்த விலையில் மொத்தப் பங்குகளின் மதிப்பு சுமார் 12,000 கோடி ரூபாய். அப்போது நிறுவனம் நட்டத்தில் இருந்தது. லாபமே இல்லாத இடத்தில் லாபத்தை மூலதனமாக்கும் முறை கைகொடுக்காது. வாங்குபவர் ஆண்டுக்குச் சுமார் 1.4 கோடி டன் உற்பத்தித் திறனுக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் விலை போட்டார்: இதே திறனைப் புதிதாகக் கட்ட எவ்வளவு ஆகும், எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பதே அவருடைய கணக்கு. ஒரே தொழில், பக்கத்துப் பக்கத்து ஊர், மதிப்பிடும் வழி மட்டும் வேறு என்பதை மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

தமிழ்நாட்டுப் பாடநூலின் பெரிய குறை ரொக்க ஓட்ட அறிக்கைக்குத் தனிப் பாடம் இல்லாதது. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் அது இருக்கிறது. லாபம் என்பது ஏட்டில் வருவது. கடனுக்கு விற்ற சரக்கும் அதில் வருவாய்தான். பணம் வந்து சேர்ந்ததா என்பதை ரொக்க ஓட்ட அறிக்கைதான் சொல்லும். மூன்று ஆண்டுகளாக லாபம் ஏறிக்கொண்டே போய், தொழிலிலிருந்து வரும் ரொக்கம் இறங்கிக்கொண்டே போனால், கடனாளிகள் கணக்கையும் சரக்கிருப்பையும் துருவிப் பார்க்க வேண்டும். மதிப்பீட்டுக்கு அடிப்படையே இந்த ரொக்கம்தான்: தொழில் ஈட்டியதில் இயந்திரங்களுக்கும் ஆலைக்கும் செலவிட்டது போக எஞ்சுவது.

எஞ்சும் ரொக்கத்திலிருந்து விலைக்கு வருவது பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கறிவுக்கு எட்டாததல்ல. ஒரு நிறுவனத்தில் அடுத்த ஆண்டு 100 கோடி ரூபாய் எஞ்சும், அது ஆண்டுக்கு 5 சதவீதம் வளரும், முதலிடுபவர் 12 சதவீத வருவாயை எதிர்பார்க்கிறார் என்று வைத்தால், 12இல் 5 போக மீதி 7 சதவீதம். 100 கோடியை அதனால் வகுத்தால் மதிப்பு சுமார் 1,429 கோடி. நிறுவனத்தின் கடன் 400 கோடி, பங்குகள் 10 கோடி என்றால், பங்கொன்றின் மதிப்பு சுமார் 103 ரூபாய். வளர்ச்சியை 6 சதவீதம் என்று மாற்றினால் போதும், அதே பங்கு சுமார் 127 ரூபாயாகிவிடும். ஒரே ஒரு சதவீதம் மதிப்பை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றுகிறது. கடன் இருப்பதால் ஏற்றம் இன்னும் பெரிதாகிறது. எனவே மாணவர் எழுத வேண்டிய விடை ஒற்றை எண் அன்று. ‘95 முதல் 125 வரை, இன்னின்ன காரணங்களால்’ என்பதுதான் நேர்மையான விடை. ஒரே விடைக்கு மதிப்பெண் தரும் பழக்கத்தோடு இது மோதும் என்பது உண்மைதான். அந்த மோதலை ஏற்றுக்கொள்ளாமல் இந்தப் பாடத்தைக் கற்பிக்க வழியில்லை.

அறிக்கைகள் பொய் சொல்லவும் கூடும் என்பதும் பாடத்தில் இடம்பெற வேண்டும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்கு முன் கடைசியாகக் கணக்கு வெளியிட்ட காலாண்டில் செயல்பாட்டு லாபம் வருவாயில் 24 சதவீதம் என்று காட்டப்பட்டது. உண்மையில் 3 சதவீதம். தணிக்கை செய்த கணக்குகள்தான் அவை. ரொக்கமே கற்பனை என்னும்போது ரொக்க ஓட்ட அறிக்கையும் காப்பாற்றாது. ஆனாலும் வாசகர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் இருந்தன: இவ்வளவு ரொக்கம் வைத்திருக்கும் நிறுவனம் ஏன் கடனும் வைத்திருக்கிறது? மூன்று வாரம் முன்பு, 2008 டிசம்பரில், தலைவரின் குடும்பத்தைச் சேர்ந்த மேட்டாஸ் நிறுவனங்களை வாங்க அந்த ரொக்கத்தை எடுக்க முனைந்தது ஏன்? தொடர்புடையோர் பரிவர்த்தனைகள் என்ற பகுதியைப் படிக்கப் பழகியவர் இரண்டாவது கேள்வியைத் தவறவிட மாட்டார்.

உண்மை நிறுவனங்களை வகுப்பில் வைத்துக் கற்பிப்பது புதிதுமல்ல. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் கிரகாம் 1928 முதல் அன்றாடம் சந்தையில் விற்கும் பங்குகளையே பாடமாக நடத்தினார். டேவிட் டாட்டுடன் சேர்ந்து 1934இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் மூலநூல். அவருடைய பெயர்பெற்ற கண்டுபிடிப்பு 1926இல் நடந்தது. வாஷிங்டனில் அரசு ஆணையத்திடம் நிறுவனங்கள் தாக்கல் செய்த அறிக்கைகளை அவர் நேரில் போய்ப் படித்தார். 65 டாலருக்கு விற்ற நார்தர்ன் பைப்லைன் பங்கு ஒவ்வொன்றுக்கும் பின்னால் சுமார் 95 டாலர் பெறுமான கடன் பத்திரங்கள் இருந்ததை அங்கே கண்டார். அந்தக் காகிதங்கள் எல்லோருக்கும் திறந்தே இருந்தன.

பள்ளியில் இதைக் கற்பித்தால் பிள்ளைகள் பங்குச் சந்தைச் சூதாட்டத்துக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சம் பெற்றோரிடம் உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில், பங்குகளின் எஃப் அண்ட் ஓ (முன்பேர, விருப்ப ஒப்பந்த) வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆனால் அவர்கள் ஆண்டறிக்கை படித்துப் போனவர்கள் அல்லர். செல்போன் திரையில் ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்துப் போனவர்கள். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பங்குச் சந்தைக்கு வெளியே இழந்த பணமும் ஏராளம். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு பண்ணை முதலீட்டுத் திட்டங்கள் சரிந்தன. பத்தாண்டு கழித்து ஆருத்ரா நிறுவனம் மாதம் 25 சதவீதத்துக்கு மேல் வட்டி தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குத் தொடுத்தது. இந்த வட்டியைத் தர எந்தத் தொழிலில் எவ்வளவு லாபம் ஈட்ட வேண்டும், அந்த லாபம் எந்த அறிக்கையில் இருக்கிறது என்று வீட்டில் கேட்க ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால், அந்த வீட்டுப் பணம் தப்பியிருக்க வாய்ப்புண்டு.

தென் மாவட்டச் சிற்றூர்களில் காமர்ஸ் குரூப் படித்து, பி.காம். முடித்து, ஆடிட்டர் ஆபீஸில் டேலி பதிவு செய்யச் சேரும் இளைஞர்கள் பலர். விசைத்தறிக்காரர் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது மூன்று ஆண்டு இருப்புநிலைக் குறிப்பைத் தயாரித்துக் கொடுப்பது அவர்கள்தான். அதே தாளைப் படித்து வங்கி மேலாளர் எதைத் தேடுவார் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டதில்லை. தயாரிப்பவருக்கும் படிப்பவருக்கும் சம்பளத்தில் உள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்தைக் குறைக்கும் பாடம் பள்ளியிலேயே தொடங்க முடியும்.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் இதற்காக ஒரு புதிய பாடநூல் எழுத வேண்டியதில்லை. நற்பெயர் பாடத்தின் மூலதனமாக்கல் முறையை விகிதப் பகுப்பாய்வின் முடிவில் மீண்டும் கொண்டுவந்து, ஒரு நிறுமத்துக்குப் பொருத்திக் காட்டும் பத்துப் பக்கங்கள் போதும். ரொக்க ஓட்ட அறிக்கை முழுப் பாடமாகச் சேர வேண்டும். அதற்கு இடம் வேண்டுமென்றால், முழுமை பெறாப் பதிவேடுகள் பற்றிய முதல் பாடத்தைச் சுருக்கலாம். தமிழ்நாட்டு நிறுவனங்கள் ஐந்தாறின் மூன்று ஆண்டு அறிக்கைகளைத் தொகுத்து, தலைப்புகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே தந்து ஒரு துணைநூலாக வெளியிட்டால், தமிழ்வழி மாணவர்கள் ஆண்டறிக்கையின் ஆங்கிலத்தைக் கண்டு மிரள மாட்டார்கள். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் அமைந்துள்ள உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் அறிக்கைகளைத் திறந்து படிக்கலாம்.

மதிப்பெண் இல்லாத எதுவும் வகுப்பறையில் நிலைக்காது. கணக்குப்பதிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண்கள் உள்ளன. அந்த அகமதிப்பீட்டின் ஒரு பகுதியை, மாணவர் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து எழுதும் நான்கு பக்க மதிப்பீட்டுக்கு ஒதுக்கலாம். மாணவர் சொன்ன விலை சரியா என்று பார்த்து மதிப்பெண் தரக் கூடாது. எந்தக் குறிப்பைப் படித்தார், எந்த எண்ணைச் சந்தேகித்தார், தன் அனுமானத்தை வெளிப்படையாக எழுதினாரா என்பவற்றுக்கே மதிப்பெண். பொதுத்தேர்விலும் மாணவர் முன்பு பார்த்திராத ஓர் அறிக்கையின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, அதில் கவலை தரும் இரண்டு இடங்களைக் காரணத்தோடு சுட்டச் சொல்லும் ஐந்து மதிப்பெண் வினா ஒன்று இருந்தால், வழிகாட்டி நூல்களை மனப்பாடம் செய்து அதற்கு விடை எழுத முடியாது.

ஆசிரியர்களைத் தயார் செய்வதுதான் கடினமான வேலை. பெரும்பாலான வணிகவியல் ஆசிரியர்கள் விகிதங்களைச் சூத்திரமாகக் கற்று அப்படியே கற்பித்தவர்கள். முழு ஆண்டறிக்கை ஒன்றைப் படிக்க அவர்களுக்கு வாய்ப்பே தரப்படவில்லை. கோடை விடுமுறைப் பயிற்சியில் ஒவ்வோர் ஆசிரியரும் தன் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் அறிக்கையை எடுத்து, மாணவர் எழுத வேண்டிய அதே நான்கு பக்கங்களைத் தானே எழுத வேண்டும். பட்டயக் கணக்காளர்களும் வங்கி மேலாளர்களும் அவற்றைப் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். தென்காசி, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் முதல் ஆண்டு சோதனையாக இதை நடத்தி, வந்த விடைத்தாள்களைப் பார்த்துத் திருத்திய பிறகு மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோகலாம்.

மரியாதையுடன்,
ஒரு வணிகவியல் ஆசிரியர்,
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்